பதினெட்டு நாள் சீஸன்!

2019 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா?

12-ம் தேதி ராத்திரி ஹைதராபாத்தில் ஐ.பி.எல். ஃபைனல். ஒரே ஒரு ரன்னில் மும்பையிடம் தோற்றது சென்னை. முழங்காலில் ரத்தம் வழிய வழிய வாட்சன் 80 ரன் அடித்த விஷயம் மறுநாள்தான் வெளியே தெரிந்தது. அந்தச் சிவந்த பேன்ட் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி அனுப்பி தமிழ்நாடே உருகியது. 23-ம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் முடிவு. தமிழ்நாட்டில் ஓட்டு எண்ணிய 38 தொகுதிகளில் 37 ஒரு பக்கம். ஒன்றே ஒன்று இன்னொரு பக்கம். அந்த ஒன்று எங்கள் தேனி. தேவதானப்பட்டி டீக்கடைகளில் அந்த வாரம் பூராவும் வேறு பேச்சே கிடையாது.

இந்த இரண்டுக்கும் நடுவில், 22-ம் தேதி, பஞ்சாபில் லூதியானா குரு நானக் ஸ்டேடியத்தில் இன்னொரு ஃபைனல் நடந்தது. இந்திய மகளிர் கால்பந்து லீக். மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. என்ற அணி, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனது.

மறுநாள் பேப்பரில் அதற்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, கொஞ்சம் பின்கதை வேண்டும். பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்பது கிரிக்கெட்டில் மும்பை மாதிரி. 1991-ல் தொடங்கிய தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பில் பெரும்பாலான வருஷங்கள் கோப்பை இம்பாலுக்குத்தான் போயிருக்கிறது. 2017-ல் முதல் தேசிய லீக் நடந்தபோதும் பட்டம் மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனுக்கே. அடுத்த வருஷம் ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடன்ட்ஸ். மூன்றாவது வருஷம், 2016-ல் ஆரம்பித்த ஒரு மதுரை கிளப். தெற்கிலிருந்து இந்தப் பட்டத்தைத் தொட்ட முதல் அணி. அதற்கும் முந்தைய வருஷம், 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் தமிழ்நாடு மாநில அணி அதே மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து தேசிய சாம்பியன்ஷிப்பை வாங்கியிருந்தது. ஆக, ஒன்றரை வருஷத்துக்குள் இரண்டு தேசியப் பட்டம். ஆண்கள் யாராவது இதைச் செய்திருந்தால் எத்தனை ஊர்வலம், எத்தனை திறந்த ஜீப்!

சரி, பாராட்டை முடித்துக்கொள்கிறேன். நான் இங்கே சண்டை போட வந்திருப்பது 'லீக்' என்ற வார்த்தையோடு.

லீக் என்றால் என்ன? ஒவ்வொரு அணிக்கும் சொந்த ஊர், சொந்த மைதானம். ஒரு வாரம் நீ என் ஊருக்கு வா, அடுத்த வாரம் நான் உன் ஊருக்கு வருகிறேன். இப்படி ஏழெட்டு மாசம் ஓடும். மழை வரும், வெயில் வரும், நட்சத்திர ஆட்டக்காரிக்குக் காய்ச்சல் வரும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணுக்கு அதிர்ஷ்டம் வரும். இதெல்லாம் சேர்ந்ததுதான் சீஸன். 2019-ல் நம் மகளிர் லீக்கின் இறுதிச் சுற்று நடந்தது மே 5 முதல் 22 வரை. எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு நாள். பாரதப் போரும் அவ்வளவுதான். அதிலாவது ராத்திரியில் சண்டை கிடையாது என்று ஒரு தர்மம் வைத்திருந்தார்கள் (கடைசியில் அதையும் மீறினார்கள், அது வேறு கதை).

12 அணிகள். ஆறு ஆறாக இரண்டு பிரிவு. ஒரு அணி தன் பிரிவில் ஐந்து ஆட்டம், பிறகு அரையிறுதி, பிறகு ஃபைனல். சாம்பியன் ஆன அணிக்கே மொத்தம் 7 ஆட்டம். பிரிவோடு வெளியேறினால் 5 ஆட்டம். ஐந்து ஆட்டத்தைக் கூட்டினால் 450 நிமிஷம், அதாவது ஏழரை மணி நேரம். அந்த வருஷத்துக்கு ஒரு பெண்ணின் தேசிய லீக் வாழ்க்கை அவ்வளவுதான். அதற்கு முன்னால் மாநில அளவில் தகுதிச் சுற்று உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'தேசிய லீக்' என்று பெயர்ப் பலகை மாட்டிய கடைக்குள்ளே இருந்த சரக்கு இவ்வளவே.

அதுவும் எப்போது? மே மாதம். எங்கே? லூதியானாவில். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் நாய்கூட நிழல் தேடும். பஞ்சாப் வெயில் அதற்கு அண்ணன். அந்த வெயிலில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம். வாட்சனின் முழங்காலுக்கு அழுதோமே, கால்பந்து ஆடும் பெண்களின் முழங்கால் பற்றி விளையாட்டு மருத்துவர்கள் ரொம்ப வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்று உண்டு. முழங்காலுக்குள்ளே இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிகிற அபாயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஓய்வில்லாமல் ஆடினால் எந்த முழங்காலும் தாங்காது. ஒரு தடவை கிழிந்தால் ஆபரேஷன், பிறகு பல மாதம் ஓய்வு. கிரிக்கெட் வீரருக்கு அதைக் கவனிக்க ஒரு வாரியமே இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு?

ஏன் இப்படி நடத்தினார்கள் என்று கேட்டால், பதில் ஒரே வார்த்தை: செலவு. 12 அணியையும் ஒரே ஊரில் இறக்கி, ஒரே மைதானத்தில் ஆடவிட்டால் ரயில் டிக்கெட் மிச்சம், ஹோட்டல் மிச்சம், ரெஃப்ரி படி மிச்சம். கல்யாண மண்டபத்தில் ஒரே நாளில் பன்னிரண்டு ஜோடிக்குத் தாலி கட்டுகிற இலவசத் திருமணம் மாதிரி. தாலி கட்டியாகிவிட்டது, போட்டோ எடுத்தாகிவிட்டது, கணக்கும் காட்டியாகிவிட்டது.

இதில் மிச்சமானது காசு. போனது என்ன தெரியுமா? ரசிகர். மதுரை அணி சாம்பியன் ஆன அந்த இறுதிச் சுற்றில் ஒரு ஆட்டம்கூட மதுரையில் இல்லை. ஒரு பள்ளிக்கூடப் பெண், டிக்கெட் எடுத்தோ எடுக்காமலோ, கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இந்துமதி கதிரேசன் ஃப்ரீ கிக் அடிப்பதைக் கண்ணால் பார்க்கவில்லை. நேபாளத்திலிருந்து வந்து சேதுவுக்காக ஆடிய சபித்ரா பண்டாரியின் வேகத்தைப் பார்க்கவில்லை. லூதியானாக்காரர்களுக்கோ ஆடும் அணி எதுவும் சொந்த அணி இல்லை. பிறகு யார் கை தட்டுவது?

'பெண்கள் கால்பந்தை யார் சார் பார்ப்பாங்க?' என்பது நிர்வாகிகளின் நிரந்தர வசனம். இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. காரணம், எங்கள் பக்கத்து ஊர் பெரியகுளம். அங்கே கோடை தோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது, அறுபது வருஷமாக. கடற்படை அணி வரும், ராணுவ அணி வரும், இந்தியன் வங்கி வரும். சாயந்திரமானால் மாம்பழ மண்டியில் கணக்கு முடித்த கையோடு ஜனங்கள் கேலரியில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். முறுக்கு விற்கிற ஆளுக்குக்கூட எந்த டீமில் யார் உயரம் என்று தெரியும். ஆடுகிறவர்களில் உள்ளூர்க்காரன் எத்தனை பேர்? ஆனாலும் வருகிறார்கள். ஏன்? வருஷா வருஷம், அதே இடத்தில், அதே மாசத்தில், நம் ஊரில் நடக்கிறது. பழகிவிட்டது. ரசிகர் என்பவர் மாங்கன்று மாதிரி. ஓரிடத்தில் நட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிடுங்கிப் பிடுங்கி டெல்லியில் ஒரு வருஷம், ஷில்லாங்கில் ஒரு வருஷம், லூதியானாவில் ஒரு வருஷம் என்று நட்டால் எப்படிக் காய்க்கும்?

இங்கிலாந்துக் கதை தெரியுமா? 1920 டிசம்பர் 26. லிவர்பூலில் டிக் கெர் லேடீஸ் என்ற தொழிற்சாலைப் பெண்கள் அணி ஆடியதைப் பார்க்க 53 ஆயிரம் பேர் வந்தார்கள். அடுத்த வருஷமே, இது பெண்களுக்குப் பொருத்தமான ஆட்டம் இல்லை என்று சொல்லி, தங்கள் கட்டுப்பாட்டில் இருந்த மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம். அந்தத் தடை சுமார் 50 வருஷம் இருந்தது. கூட்டம் வரவில்லை என்று யாரும் கதவைச் சாத்தவில்லை. கூட்டம் வந்த பிறகுதான் சாத்தினார்கள்.

எங்கள் தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயிலில் கருவறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். சாத்தின கதவுக்குத்தான் பூஜை. அது தெய்வ சமாச்சாரம், கேள்வி கேட்க எனக்கு அருகதை இல்லை. ஆனால் விளையாட்டு அப்படி இல்லையே. அதைக் கண்ணால் பார்த்தால்தான் பக்தி வரும்.

இங்கே ஒரு சினிமாப் பேச்சு. அதே 2019 தீபாவளிக்கு 'பிகில்' வந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணிக்கு விஜய் கோச்சாக வந்து ஜெயிக்க வைப்பார். எங்கள் பக்கத் தியேட்டர்களில் திருவிழாக் கூட்டம். பெண்களும் குழந்தைகளும் விசில் அடித்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஆனால் அந்தப் படத்தில் ஒரு பெண்ணை 'குண்டம்மா' என்று திட்டித் திட்டி ரோஷம் ஏற்றி கோல் அடிக்க வைப்பார்கள். அந்தக் காட்சிக்கும் கைதட்டல். நிஜத்தில் ஆடிய பெண்கள் வாங்கிய திட்டு வேறு மாதிரி: 'ட்ரவுசர் போட்டுக்கிட்டு என்னடி ஓட்டம்?' அதற்கு யாரும் பின்னணி இசை போடவில்லை. படம் வருவதற்கு ஐந்து மாசம் முன்பே தமிழ்நாட்டு அணி ஒன்று நிஜமாகவே இந்தியாவை ஜெயித்துவிட்டது என்று தியேட்டர் வாசலில் நான் சொன்னபோது ஒரு பையன், "சும்மா உடாதீங்க சார்" என்றான்.

அந்த ஜூன் மாசம் நடந்த ஒரு பேச்சையும் சொல்ல வேண்டும். மாங்காய் மண்டியில் லோடு ஏற்றும் ஒருவர், எனக்குத் தெரிந்தவர். அவர் மகள் ஒன்பதாவது முடித்திருந்தாள். இடது கால் ஆட்டக்காரி. பள்ளி மைதானத்தில் பையன்களோடு ஆடி, பையன்களை அழ வைப்பவள். விளையாட்டு விடுதிக்குத் தேர்வு நடக்கிறது, அனுப்புங்கள் என்று பி.டி. டீச்சர் வீடு தேடி வந்து சொல்லியிருக்கிறார்.

"ஏன் சார், மதுர டீமு செயிச்சிருச்சாம்ல, டீச்சரு சொன்னாக" என்றார்.

"ஆமா தம்பி. இந்தியா பூராவுக்கும் மொதல்."

"அந்த லீக்குன்றாகளே, அது வருசத்துக்கு எத்தன நாளு சார் வேல?"

வேலை என்றுதான் கேட்டார். விளையாட்டு என்று கேட்கவில்லை. பதினெட்டு நாள் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தலைத்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "நூறு நாள் வேலையே நூறு நாளு குடுக்குறாங்கெ சார். புள்ளய வெளியூருக்கு அனுப்பி, அஞ்சாறு வருசம் பாத்து, கடைசில பதினெட்டு நாளுன்னா…" என்று இழுத்தார். "காலு கையி ஒடிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா, அதையுஞ் சொல்லுங்க."

கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை, சொன்னேன். ஆனால் முந்தின கணக்கில் என்ன தப்பு? கால்பந்து சம்மேளனத்தின் எந்த அறிக்கையைவிடவும் அது சுத்தமான கணக்கு. அந்தப் பெண் விடுதிக்குப் போகவில்லை. பிளஸ் டூ முடித்து, இப்போது தேனியில் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கிறாள். வாரத்துக்கு ஆறு நாள்.

இந்தக் கணக்கு புரிந்தவர்கள்தான் ஆட்டக்காரிகளும். 2019 ஃபைனலில் எதிரணி எது? மணிப்பூர் போலீஸ். நம் கடலூர் இந்துமதி, இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு போலீஸில் சப் இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் ஊரெல்லாம் வீட்டுக்குள் இருந்தபோது, அவர் காக்கிச் சட்டையோடு சென்னைத் தெருவில் டியூட்டி பார்த்தார். அரசாங்க வேலை கிடைத்தது நல்லது. அதைக் குறை சொல்ல நான் பைத்தியமா? ஆனால் கவனியுங்கள். இந்தப் பெண்களுக்கு உண்மையான லீக், வேலைதான். கால்பந்து அந்த வேலைக்கு எழுதுகிற பரீட்சை. வேலை கிடைக்காதவர்கள் பரீட்சை எழுதிக்கொண்டே இருப்பார்கள், முழங்கால் உள்ள வரை.

அதற்காக கிராமத்தால் முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். 2017-ல் டெல்லியில் நடந்த முதல் லீக்கில் ஆறே அணிகள். அதில் ஒன்று அலக்புரா. ஹரியானாவில் பிவானி மாவட்டத்துக் கிராமம். அரசுப் பள்ளிக்கூடத்தில் பெண் குழந்தைகளுக்கு ஒரு பந்து கிடைத்தது. அது வளர்ந்து ஊரே ஒரு அணியாகி தேசிய லீக் வரைக்கும் போய்விட்டது. பெண் சிசு கொலைக்குப் பேர் போன மாநிலம் என்று நாம் கேலி பேசுகிற ஹரியானாவில்! (அந்த விஷயத்தில் உசிலம்பட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் பேசாமல் இருப்பது நல்லது.) பேரூராட்சி அந்தஸ்து, பஸ் ஸ்டாண்டு, மஞ்சளாறு அணைத் தண்ணீர் எல்லாம் உள்ள தேவதானப்பட்டியால் ஏன் முடியாது?

பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியில் பெங்களூரில் முடிந்த சீஸனில் கோகுலம் கேரளா சாம்பியன். அப்புறம் கொரோனா, அடுத்த லீக்கே 2022-ல் புவனேஸ்வரில்தான். அதே 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. நம் அணிக்குள் கொரோனா புகுந்து, ஆட ஆள் சேராமல், முதல் ஆட்டத்தோடு விலக வேண்டியதாயிற்று. புவனேஸ்வர் லீக்கின் கடைசி நாளில் பட்டத்துக்கு மோதியது சேதுவும் கோகுலமும். மூன்றாவது நிமிஷத்திலேயே சேது கோல் போட்டும் 3-1 என்று கோகுலம் ஜெயித்தது. அந்தக் கோகுலம் பெண்களுக்கு ஆகஸ்டில் என்ன நடந்தது பாருங்கள். ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் போய் இறங்கிவிட்டார்கள். இங்கே சம்மேளன நிர்வாகச் சண்டை கோர்ட் வரை போய், 'வெளியார் தலையீடு' என்று ஃபிஃபா இந்தியாவைத் தடை செய்துவிட்டது. இறங்கிய விமானத்தின் சூடு ஆறுவதற்குள் ஆட முடியாது என்று செய்தி. ஒரு பந்துகூட உதைக்காமல் திரும்பி வந்தார்கள். பத்து நாளில் தடை நீங்கியது. போட்டி போனது போனதுதான். நாற்காலிக்காகச் சண்டை போட்டவர்கள் ஆண்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர்கள் பெண்கள்.

நல்ல காரியமும் நடந்திருக்கிறது. 2023-ல் சம்மேளனம் ஒரு முடிவு எடுத்தது: லீக் கிளப்புகள் குறைந்தது 10 இந்திய ஆட்டக்காரிகளுக்கு வருஷத்துக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயாவது ஒப்பந்தமாகத் தர வேண்டும். மாசத்துக்கு 26 ஆயிரத்துச் சொச்சம். அந்த மண்டித் தொழிலாளி கேட்ட கேள்விக்கு நாலு வருஷம் கழித்து வந்த பதில். அதே 2023 டிசம்பரில் தொடங்கிய சீஸனில்தான் முதன்முதலாக உள்ளூர், வெளியூர் என்று மாறி மாறி ஆடும் நிஜமான லீக் வந்தது. ஏழு அணி, ஆளுக்கு 12 ஆட்டம், ஒடிசா எஃப்.சி. சாம்பியன். அடுத்த சீஸனில் எட்டு அணி, 14 ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் சாம்பியன். 2025 ஜூலை 5-ம் தேதி தாய்லாந்தின் சியாங் மாயில், தாய்லாந்தையே 2-1 என்று ஜெயித்து 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது இந்தியா. இரண்டு கோலும் வங்காளத்துச் சங்கீதா பாஸ்போர். கொஞ்சம் கூடுதலாக ஆட விட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள்! 1980-ல் இதே கோழிக்கோட்டில் ஆசிய இறுதி ஆட்டம் வரைக்கும் வந்த நாடு இது. 1983-ல் மறுபடி வந்தது. திறமை புதிதாக முளைக்கவில்லை.

ஆனாலும் 14 ஆட்டத்தைச் சீஸன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஐ.பி.எல். அணியே லீக் சுற்றில் 14 ஆட்டம் ஆடுகிறது, அதுவும் இரண்டு மாசத்தில். அவர்களுக்கு அது பக்கத் தொழில். இவர்களுக்கு இதுதான் தொழில். அணியைக் கூட்டுங்கள், ஆட்டத்தைக் கூட்டுங்கள், முழங்காலுக்கு இடைவெளி விடுங்கள்.

இன்னொன்று, காசு செலவில்லாதது. பெரியகுளம் கூடைப்பந்துக்கு எங்கள் ஊர் வரைக்கும் போஸ்டர் ஒட்டுகிறார்கள். மதுரை அணி மதுரைப் பக்கம் எங்கே ஆடினாலும், தேதியும் நேரமும் போட்டு நாலு போஸ்டர் தேவதானப்பட்டி பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டச் சொல்லுங்கள். வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கு ஒரே பஸ். ஒன்பதாவது படிக்கிற இடது கால் ஆட்டக்காரிகள் இப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று பி.டி. டீச்சர் சொல்கிறார்.